பழைய குடும்ப வீட்டைச் சீரமைத்து விரிவாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் பழைய நகரங்களிலும் 1970க்கு முன்பு கட்டப்பட்டு, இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்த வீடுகளைப் பற்றியே இங்கே பேசப்படுகிறது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், கொல்லை என்ற வரிசையில் நீளும் வீடுகள் இவை. சுண்ணாம்புச் சாந்தில் அல்லது மண் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவரும், ஓட்டுக்கூரை அல்லது மெட்ராஸ் டெரஸ் தளமும் இவற்றின் அடையாளம். இப்படிப்பட்ட வீட்டைத் தொடுவதற்கு முன் குடும்பத்தினர் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன.

வேலையை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வீட்டை அளந்து வரைபடமாக்குவதிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலான பழைய வீடுகளுக்கு வரைபடமே இருப்பதில்லை. சுவர்கள் நேராக இருப்பதாகத் தோன்றினாலும், முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் அகலம் வேறுபடும்; ஒரே சுவர் கூடத்தில் பதினெட்டு அங்குலமாகவும் சமையலறையில் ஒன்பது அங்குலமாகவும் இருக்கும். எந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறது, எது வெறும் தடுப்பு, உத்திரங்கள் எந்தத் திசையில் கிடக்கின்றன, மழைநீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்பவற்றையெல்லாம் அந்த வரைபடத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

இயன்றால், வடகிழக்குப் பருவமழைக் காலம் ஒன்று முழுவதும் வீட்டைக் கவனித்த பிறகு திட்டம் போடுவது நல்லது. எந்த மூலையில் ஒழுகுகிறது, எந்தச் சுவரில் ஓதம் (தரையிலிருந்து ஏறும் ஈரம்) எவ்வளவு உயரம் ஏறுகிறது, முற்றத்துத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்பவை கோடைக்காலத்தில் வந்து பார்க்கும் பொறியாளருக்குத் தெரிவதில்லை. வீட்டிலேயே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு தாத்தா பெயரிலேயே இருக்கிறது. செலவு செய்வதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

உரிமையைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் ஒரு செங்கல்லைக்கூட வாங்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஒருவர் கைப்பணத்தைப் போட்டு வீட்டைப் புதுப்பித்து முடித்த பிறகு பங்குப் பேச்சு எழுந்தால், பணமும் போகும், உறவும் கெடும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றைத் திரட்டி, எல்லா வாரிசுகளும் ஒன்றுகூடிப் பேசி, முடிவைப் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமாகவோ விடுதலைப் பத்திரமாகவோ ஆக்கிக்கொள்வதே முறை.

பெண் வாரிசுகளை விட்டுவிட்டுப் பேசும் வழக்கம் இன்னும் சில குடும்பங்களில் உள்ளது. அது நியாயமும் அல்ல, சட்டப்படி செல்லவும் செல்லாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989ஆம் ஆண்டு செய்த தமிழ்நாட்டுத் திருத்தம், அப்போது திருமணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமை தந்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அந்த உரிமையை எல்லா மகள்களுக்கும் விரித்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அத்தைமார்களும் அக்காமார்களும் கையெழுத்திடும் இடத்தில் மட்டும் அழைக்கப்படாமல், வீட்டை என்ன செய்வது என்று பேசும் இடத்திலேயே இருக்க வேண்டும்.

பட்டாவில் உள்ள பரப்பும் நேரில் அளந்த பரப்பும் ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அக்கிரகாரம் போன்ற வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருக்கும். அதில் கை வைப்பதற்கு முன் அண்டை வீட்டாரின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள்.

சுவரில் விரிசல்கள் உள்ளன. வீடு பாதுகாப்பானதா?

விரிசலின் அகலத்தைவிட, அது இன்னும் வளர்கிறதா என்பதே முக்கியம். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்தால் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்த பின்னும் கண்ணாடி உடையாதிருந்தால், அது பழைய அசைவின் தழும்பு மட்டுமே; சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துவிடலாம். உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள்.

சன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டுப் போல இறங்கும் விரிசல் பெரும்பாலும் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதைக் காட்டும். களிமண்ணிலும் கரிசல் மண்ணிலும் இது அதிகம், ஏனெனில் அந்த மண் ஈரத்தில் உப்பிக் கோடையில் சுருங்குகிறது. சுவரை ஒட்டி நிற்கும் பெரிய மரம், உடைந்த சாக்கடைக் குழாய், சுவரடியில் தேங்கும் மழைநீர் ஆகியவை இதன் வழக்கமான காரணங்கள். காரணத்தை நீக்காமல் விரிசலை மட்டும் பூசுவதால் பயனில்லை. கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் மேலே வெட்டிவிட்டால் போதாது, சாந்தைப் பெயர்த்து வேரோடு எடுக்க வேண்டும்.

மெட்ராஸ் டெரஸ் தளம் ஒழுகுகிறது. இடித்துவிட்டுக் கான்கிரீட் போட்டுவிடலாமா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். மிக அவசரமாக முடிவெடுக்கப்படுவதும் இதில்தான்.

மெட்ராஸ் டெரஸ் எப்படி அமைந்துள்ளது என்று தெரிந்தால் எங்கே பழுது என்று கண்டுபிடிக்கலாம். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள் நெருக்கமாகக் கிடக்கும். அவற்றின் மேல் சன்னமான செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி, மூலைவாட்டில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கித் தளம். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. ஒழுகல் பெரும்பாலும் தட்டோட்டின் இணைப்புகளிலோ, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையிலோ, மழைநீர்க் குழாயின் வாயிலோ தொடங்குகிறது. அங்கே மட்டும் பெயர்த்துச் சுண்ணாம்பிலேயே மீண்டும் செய்தால் பல தளங்கள் இன்னும் பல ஆண்டுகள் நிற்கும்.

உண்மையான ஆபத்து கட்டையின் முனையில் இருக்கிறது. சுவருக்குள் புதைந்த அந்த ஒரு சாண் நீளம்தான் ஓதத்தையும் கரையானையும் முதலில் சந்திக்கிறது. நடுப்பகுதி இரும்புபோல் இருக்கும்போதே முனை உள்ளூர மாவாகியிருக்கும். எனவே ஒவ்வொரு கட்டையின் இரு முனைகளிலும் பூச்சைச் சிறிது பெயர்த்து, கூரிய கத்தி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். கத்தி எளிதில் இறங்கினாலோ, தட்டும்போது வெற்றொலி கேட்டாலோ அந்தக் கட்டையைக் குறித்து வையுங்கள். சில முனைகள் மட்டும் கெட்டிருந்தால், சுவரையொட்டி அடியில் இரும்புக் கர்டர் ஒன்றைக் கொடுத்துத் தாங்கலாம். தேர்ந்த தச்சர் புதிய மரத்தை இணைத்தும் தருவார். பாதிக்கு மேல் கெட்டிருந்தால் தளத்தை மாற்றுவதே பாதுகாப்பு.

மாற்றும்போது தெரிந்திருக்க வேண்டியது இது. மெட்ராஸ் டெரஸ் தானே கனமானது என்பதால், அதற்குப் பதிலாகப் போடும் கான்கிரீட் தளம் சுவரின் சுமையைப் பெரிதாகக் கூட்டிவிடாது. ஆனால் வெயிலில் கான்கிரீட் விரிந்து சுருங்கும்போது கீழுள்ள மென்மையான சுவரையும் இழுத்து, தளத்துக்குச் சற்றுக் கீழே கிடைமட்ட விரிசலை உண்டாக்கும். சுவர் தலைப்பில் தொடர்ச்சியான கான்கிரீட் பட்டை அமைத்து, அதற்கும் தளத்துக்கும் இடையே வழுக்கிக்கொடுக்கும் ஓர் அடுக்கு வைத்தால் இதைத் தவிர்க்கலாம். ஓட்டுக்கூரை வீட்டின் கணக்கு வேறு. சீமை ஓடு மரச்சட்டத்தோடு சேர்ந்து சதுர அடிக்கு ஏறக்குறைய 6 முதல் 7 கிலோ. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சதுர அடிக்கு ஏறக்குறைய 29 கிலோ, அதன் மேல் போடும் தட்டோட்டுப் பூச்சு தனி. ஓட்டுக்காகக் கட்டிய சுவர் இதைத் தாங்குமா என்று கணக்கிடாமல் ஓட்டைப் பிரிக்கக் கூடாது.

பழைய வீட்டின் மேல் மாடி எழுப்பலாமா?

சில வீடுகளில் எழுப்பலாம். பல வீடுகளில் கூடாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றின் கான்கிரீட் தளம் மட்டும் சுமார் மூன்றரை டன். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பத்தடி உயரத்துக்கு, நீளத்தில் ஒவ்வோர் அடிக்கும் சுமார் 400 கிலோ. இதற்கு மேல் மனிதர்கள், பீரோ, தண்ணீர்த் தொட்டி. இவ்வளவும் பழைய சுவர் வழியாகப் பழைய அஸ்திவாரத்துக்கு இறங்குகிறது.

ஆகவே இரண்டு மூன்று இடங்களில் சுவரை ஒட்டிக் குழி தோண்டி, அஸ்திவாரத்தின் ஆழம், அகலம், பொருள் ஆகியவற்றை நேரில் பார்க்க வேண்டும். சுவர் மண் சாந்தில் கட்டப்பட்டதா, சுண்ணாம்பிலா என்பதையும் ஒரு செங்கல்லைப் பெயர்த்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். மண் சாந்துச் சுவரின் மேல் மாடி கட்டவே வேண்டாம். சுண்ணாம்புச் சாந்தில் ஒன்றரைக்கல் கனத்துக்குக் குறையாத சுவரும், உறுதியான மண்ணில் இறங்கிய அகலமான அஸ்திவாரமும் இருந்தால், கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டு எழுத்தில் ஒப்புதல் தந்த பின் யோசிக்கலாம். «எங்கள் தெருவில் எல்லோரும் கட்டியிருக்கிறார்கள்» என்று மேஸ்திரி சொல்வது அதற்கு ஈடாகாது.

மாடி இன்றியமையாதது என்றால், பழைய சுவரைத் தொடாமல் வெளியே தனித் தூண்கள் எழுப்பி, அவற்றின் மேல் மாடியை நிறுத்தும் வழியும் உண்டு. செலவு கூடும். கொல்லைப்பக்கம் இடம் இருக்கும் வீடுகளில் பக்கவாட்டில் விரிவதே எளிது. முதியவர்களுக்கும் அதுவே நல்லது.

1980களில் பின்னால் சேர்த்த கான்கிரீட் பகுதியில் கம்பி தெரிகிறது. என்ன செய்வது?

பழைய பகுதி நன்றாக இருக்க, பிற்காலத்தில் சேர்த்த கான்கிரீட் முதலில் கெடுவதைப் பல வீடுகளில் காணலாம், குறிப்பாகக் கடலோர ஊர்களில். துருப்பிடித்த கம்பி பருமனாகி, மூடியுள்ள கான்கிரீட்டைத் தள்ளிப் பெயர்க்கிறது. சிமென்ட் அப்பி மூடினால் துரு உள்ளேயே தொடரும். பெயர்ந்ததையெல்லாம் உதிர்த்து, கம்பியைச் சுற்றிலும் வெளிப்படுத்தி, துருவை நீக்கி, கனம் குறைந்த கம்பிக்கு இணைக்கம்பி சேர்த்து, அதற்குரிய சாந்தால் மூட வேண்டும். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், கம்பியைக் காக்கும் காரத்தன்மை உள்ள இடம் இளஞ்சிவப்பாக மாறும். அதை இழந்த இடம் நிறம் மாறாது. எவ்வளவு பகுதியைக் காப்பாற்றலாம் என்பதை முடிவு செய்ய இந்த எளிய சோதனை பெரிதும் உதவும்.

சுண்ணாம்புச் சுவர் உதிர்கிறது. சிமென்ட் பூச்சுப் பூசி, நல்ல பெயின்ட் அடித்தால் சரியாகிவிடுமா?

ஓரிரு ஆண்டுகள் சரியானதுபோல் தோன்றும். பழைய சுவர்களின் அடியில் ஓதத் தடுப்பு அடுக்கு இருக்காது. தரையிலிருந்து ஈரம் சுவருக்குள் ஏறுவது இயல்பு. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை இருபுறமும் ஆவியாக வெளியேற்றியே இத்தனை ஆண்டுகள் சுவரைக் காத்துவந்தது. அதன் மேல் சிமென்ட்டையும் எண்ணெய்ப் பெயின்ட்டையும் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். உப்புப் பூத்துப் பூச்சு பலகை பலகையாகப் பெயரும், பின்னால் உள்ள செங்கல்லையும் சேர்த்துக்கொண்டு.

எனவே சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து. நன்றாக ஊறிய சுண்ணாம்பை மணலோடு கலந்து பூச வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்க்கும் வழக்கம் நம் கொத்தனார்களிடம் இன்றும் உள்ளது. செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்து, கண்ணாடிபோல் மின்னச் செய்திருக்கிறார்கள். அந்த அளவு நேர்த்தி தேவையில்லை என்றாலும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கட்டாயம் தேவை. ஊரில் கிடைக்காவிட்டால் காரைக்குடிப் பக்கமோ புதுச்சேரிப் பக்கமோ விசாரியுங்கள். பூச்சு காய்வதற்குச் சிமென்ட்டைவிட நாள் கூடும் என்பதைக் கால அட்டவணையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய அறையைப் பழைய சுவரோடு எப்படிச் சேர்ப்பது?

சேர்க்காமல் சேர்ப்பதே சரியான முறை. பழைய அஸ்திவாரம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இறங்கி அமர்ந்துவிட்டது. புதியது இனிமேல்தான் அமரும். இரண்டின் செங்கற்களையும் ஒன்றோடொன்று கோத்துப் பல் விட்டுக் கட்டினால் இணையும் இடத்தில் கட்டாயம் விரிசல் வரும். புதிய பகுதிக்குத் தனிச் சுவரும் தனி அஸ்திவாரமும் கொடுத்து, நடுவில் சுமார் ஓர் அங்குல இடைவெளி விட்டு, அதை நெகிழும் பொருளால் அடைத்து, மேலே மழைநீர் இறங்காதபடி தகடு போட்டு மூட வேண்டும். புதிய அஸ்திவாரக் குழியைப் பழைய சுவரின் அடிவரை தோண்டிப் பல நாள் திறந்து வைப்பது பெருந்தவறு. சிறு சிறு பகுதிகளாகத் தோண்டி உடனே கட்டி முடிக்க வேண்டும்.

சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கலாமா?

தெருவில் ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டதன் விளைவை இன்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அனுபவிக்கின்றன. வீட்டைத் தூக்கும் வேலை தமிழ்நாட்டில் பல ஊர்களில் நடக்கிறது. சிமென்ட் சாந்தில் கட்டிய, ஓரளவு சீரான வீடுகளுக்கு அது பொருந்தலாம். மண் சாந்திலோ உதிர்ந்த சுண்ணாம்பிலோ நிற்கும் சுவருக்கு அது பேராபத்து. ஜாக்கிகள் சிறிது ஏற்றத்தாழ்வாக உயர்ந்தாலும் அத்தகைய சுவர் பிளந்துவிடும். தவிர, தரை முழுவதையும் புதிதாகப் போட வேண்டும், குழாய்களைத் துண்டித்து மீண்டும் இணைக்க வேண்டும். ஒப்பந்தத் தொகையில் இவை பெரும்பாலும் அடங்குவதில்லை.

உட்கூரை உயரமாக உள்ள வீடுகளில் தரையை மட்டும் மண்ணிட்டு உயர்த்துவது எளிய மாற்று. நிலைப்படிகளையும் சன்னல்களையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டியிருக்கும்.

முற்றத்தை மூடிக் கூடத்தைப் பெரிதாக்கலாமா?

மூட வேண்டாம். வெப்பக் காற்று மேலே எழுந்து வெளியேறுவதும், நடுக்கட்டுக்கு வெளிச்சம் வருவதும் முற்றத்தால்தான். அதை ஒளிபுகும் பிளாஸ்டிக் தகட்டால் அடைத்துவிட்டால் சித்திரை மாதத்தில் கூடம் உலையாகும். பாதுகாப்புக்கு இரும்புக் கம்பி வலை போடலாம். மழைச் சாரல் தொல்லை என்றால், பக்கங்கள் திறந்திருக்கும்படி ஓரிரு அடி உயர்த்திக் கூரை அமைக்கலாம். முற்றத்தில் விழும் நீரைத் தெருவுக்கு விடாமல், வண்டல் தொட்டி வழியாகக் கிணற்றுக்கோ உறைகுழிக்கோ திருப்புங்கள். மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம்.

கொல்லையில் இருக்கும் கழிப்பறையை வீட்டுக்குள் கொண்டுவர முடியுமா?

முடியும், கொண்டுவரவும் வேண்டும். இரவில் முதியவர்கள் ஈரக் கொல்லையைக் கடந்து செல்வது பெரிய ஆபத்து. படுக்கையறையை ஒட்டி, வெளிச்சுவர் உள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள். கதவு மூன்றடி அகலம், பிடிப்புக் கம்பி, வழுக்காத தரை, வாசற்படி இல்லாத நுழைவு ஆகியவை இன்று தேவையில்லாவிட்டாலும் நாளை தேவைப்படும். மெட்ராஸ் டெரஸ் தளத்தின் மேல் மட்டும் கழிப்பறையோ குளியலறையோ கட்டக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கசிவு ஒன்றே கட்டைகளை அழித்துவிடும்.

மின்சார வேலையில் எதை மாற்ற வேண்டும்?

மரப்பட்டியின் மேல் ஓடும் பழைய கம்பி முழுவதையும் மாற்ற வேண்டும். பல பழைய வீடுகளில் எர்த் கம்பியே கிடையாது. புதிய எர்த் குழியும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானும் (ஆர்.சி.சி.பி.) உயிர்காக்கும் செலவுகள். ஏ.சி., வாட்டர் ஹீட்டர், மோட்டார் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இணைப்பு வேண்டும்.

அரசு அனுமதி தேவையா?

வெள்ளையடிப்பது, ஓடு மாற்றுவது போன்ற பராமரிப்புகளைத் தவிர்த்து, பரப்பைக் கூட்டும் வேலைக்கும் கட்டமைப்பை மாற்றும் வேலைக்கும் உள்ளாட்சி அமைப்பின் அனுமதி தேவை. 2019ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இதை ஆள்கின்றன. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு, சுயசான்றின் அடிப்படையில் இணையவழியில் அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. உங்கள் விரிவாக்கம் அதில் அடங்குமா என்பதை வரைபடத்துடன் சென்று அலுவலகத்திலேயே கேட்டறியுங்கள். எல்லை வரை கட்டிய பழைய வீட்டில், புதிய பகுதிக்கு மட்டும் பக்க இடைவெளி விட வேண்டியிருக்கும் என்பதை வரைபட நிலையிலேயே எதிர்பார்க்க வேண்டும்.

செலவை எப்படிக் கணக்கிடுவது?

சதுர அடிக்கு இவ்வளவு என்ற பேச்சு புதிய பகுதிக்குப் பொருந்தும், சீரமைப்புக்குப் பொருந்தாது. பூச்சுப் பெயர்ப்பது, கட்டை மாற்றுவது, தரை போடுவது என வேலைவாரியாக அளவும் விலையும் எழுதி வாங்குங்கள். பூச்சைப் பெயர்த்த பிறகே வெளிப்படும் பழுதுகளுக்காக மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி வையுங்கள். முன்பணத்தைக் குறைவாகக் கொடுத்து, முடிந்த வேலைக்கு ஏற்பப் பணம் தந்து, ஒரு பகுதியை முதல் மழை முடியும் வரை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். கூரை வேலைக்கு இது மிகவும் அவசியம்.

பிரித்தெடுக்கும் பர்மா தேக்குக் கட்டைகள், நிலைகள், கற்தூண்கள், ஆத்தங்குடிக் கற்கள் யாருக்குச் சேரும் என்பதையும் ஒப்பந்தத்தில் குறிப்பிடுங்கள். கழிவு என்ற பெயரில் விலைமதிப்புள்ள மரம் வெளியேறிவிடுவது உண்டு. கெட்ட முனையை அறுத்து நீக்கிய கட்டையைக் கொண்டு புதிய அறைக்குச் சன்னலும் கதவும் செய்யலாம்.

எந்த மாதத்தில் தொடங்கலாம்? வேலை நடக்கும்போது வீட்டிலேயே குடியிருக்கலாமா?

பொங்கல் முடிந்து கொத்தனார்கள் ஊரிலிருந்து திரும்பியதும், தை மாதக் கடைசியில் தொடங்குவது வசதி. கூரையை முதலில் முடித்து, பிறகு சுவர், குழாய், மின்சாரம், கடைசியாகத் தரை என்று சென்றால் ஐப்பசி மழைக்கு முன் வீடு மூடியிருக்கும். மார்கழியிலும் ஆடியிலும் வேலை தொடங்குவதில்லை என்ற குடும்ப வழக்கம் இருந்தால் அதையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூரையைப் பிரிக்கும் பகுதியின் கீழும், முட்டுக் கொடுத்த சுவரின் அருகிலும் யாரும் குடியிருக்கக் கூடாது. முன்கட்டு, பின்கட்டு என இரண்டு கட்டங்களாக வேலையைப் பிரித்தால் ஒரு பகுதியில் தங்கிச் சமாளிக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்களையும் கைக்குழந்தைகளையும் பூச்சுப் பெயர்க்கும் வாரங்களில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பின்பக்கத்தில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு வேய்ந்த சார்ப்பு இருந்தால், அதை உடைக்காமல், நீர் தெளித்து நனைத்து, முழுத் தகடுகளாக இறக்கச் சொல்லுங்கள்; அந்த நாளில் வீட்டில் ஒருவரும் இருக்க வேண்டாம்.